ரப்பர் பால் ஊற்றிய மாடிப்படி

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிற பெண்ணை நீங்கள் கட்டிக்கொள்வீர்களா, மாட்டீர்களா? யோசிக்காமல் சொல்லுங்கள். யோசிக்க ஆரம்பித்தால் சாதகம், சம்பளம், சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் மண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அக்காவைப் பார்க்க இதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நன்றாக யோசித்தவர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல.

எங்கள் வீடு இலங்கையில், எஹலியகொடை டவுனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே ஆபீசில் பெரிய கிளாக்கர். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையே குடியிருந்த பழைய பங்களா அது. குன்றின் மேல் புது பங்களா கட்டிக்கொண்டு துரை போனதும், ஒழுகுகிற கூரையும் ஆடுகிற படியுமாக இது எங்கள் தலையில் விழுந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் இதை மெத்தை வீடு என்பார்கள். கேட்கிறவர்கள் ஏதோ ஜமீன் என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே ஒரு ஹால், ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. மேலே இரண்டு பொந்துகள். நடுவில் அந்த மரப்படி.

மேலே ஒரு பொந்து அக்காவுடையது. கால் சரியில்லாத பெண்ணை ஏன் மாடியில் வைத்தீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். நம் பக்கத்து மழை தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மழைக்காலத்தில் கீழ்த்தரை ஊறிக் கிடக்கும், காலை வைத்தால் சில்லென்று எலும்பு வரை ஏறும். ஈரம் பட்டால் அக்காவுக்கு அந்தக் கால் இரவெல்லாம் குடையும். அதனால் மாடி.

சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவளது இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போனது. காய்ச்சலுக்கு முன்னால் நாங்கள் இருவரும் அந்தக் கைப்பிடியில் வயிற்றை வைத்துச் சறுக்கிக்கொண்டு கீழே வந்து விழுவோம். காய்ச்சலுக்குப் பின்னால் அதே கைப்பிடியைப் பிடித்துத்தான் அவள் மறுபடி நடக்கப் பழகினாள். ஊன்றுகோல் வாங்கித் தருகிறேன் என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. கைப்பிடி என்றால் வேறு. அதை எல்லோரும்தான் பிடிக்கிறார்கள்.

நான் கொழும்பில் காலேஜ் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா இருந்தபோதுதான் பலாங்கொடைப் பக்கத்திலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீ மேக்கர். கால் விஷயத்தைத் தரகர் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டால், "எல்லாம் பக்குவமா சொல்லியிருக்கேங்க" என்பார். பக்குவமாக என்றால் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அப்பா திட்டம் போட்டார்.

"அவங்க வர்றதுக்கு முந்தியே பாப்பாவ ஹால்ல நாக்காலில உக்கார வெச்சிருவோம்," என்று அம்மாவிடம் சொன்னார். "காப்பிய நீ குடு. அவ எந்திரிக்கவே வேணாம். சேலைய நல்லா இழுத்து விட்டா போதும்."

மேலே படித்தலைப்பிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கல்யாணத்தன்னைக்கும் நாக்காலியோட தூக்கிட்டுப் போய் மணவறைல வெப்பீங்களாப்பா?"

"நீ சும்மா இரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"போன தடவயும் நல்லதுக்குத்தான் உக்கார வெச்சீங்க. அந்த மாப்ளயோட அம்மா போறப்ப கும்பிட்டுக்கன்னு சொன்னாங்க. நான் எந்திரிச்சேன். அவங்க மொகத்த நீங்க பாக்கல, நான் பாத்தேன். இந்தத் தடவ நான் மேலருந்து எறங்கி வர்றேன். மொதல்லயே பாத்துக்கட்டும். பாத்துட்டு வேணாம்னா போகட்டும், ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது."

அப்பா வெளியே போனார். அவர் கெட்டவர் இல்லை. தன் மகளை யாரோ மேலும் கீழும் பார்ப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். ஆபீசில் துரை கத்தினால் நிமிர்ந்து நின்று பதில் சொல்கிற மனிதர், தரகர் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், கூனிப் போய்விடுவார்.

ஆனால் இறங்கி வருவதற்குப் படி ஒத்துழைக்க வேண்டுமே. கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால்களில் பாதி, கிழவன் பல் மாதிரி ஆடின. படிப்பலகைகளில் வண்டு துளைத்த ஓட்டைகள். பக்கவாட்டுப் பலகைக்கும் படிக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி. வழக்கமாக அவள் ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை சுவரிலுமாக, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்குவாள். அல்லது அம்மா தோளைப் பிடிப்பாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டுமே கூடாது என்பது அவள் முடிவு.

"யாராச்சும் புடிச்சி எறக்கினா நோயாளின்னு நெனைப்பாங்க," என்றாள் என்னிடம். "நானா எறங்கணும். டேய், இந்தக் கைப்பிடிய ஆடாம பண்ணுவியா மாட்டியா?"

"துரைகிட்ட சொல்லி..."

"அப்பா கேட்டாச்சு. ரப்பர் விக்கிற வெலைக்கு வெள்ள சுண்ணாம்பே கெடையாதுங்கிறாராம். ஆசாரியும் போயிட்டாரு."

அது உண்மை. விலை விழுந்த பிறகு தோட்டத்தில் பாதி லயம் காலி. ஆசாரி குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார், உளியையும் எடுத்துக்கொண்டு.

"அக்கா, நான் காலேஜ்ல படிச்சது..."

"ஆணி அடிக்கத் தெரியாதவனுக்குத்தான் அங்க சர்ட்டிபிகேட் குடுப்பாங்களாக்கும்?"

சரி என்று வேலையில் இறங்கினேன். முதலில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். துரைமார் காலத்திலிருந்து யார் வந்தாலும் பழசைச் சுரண்டாமல் மேலேயே அப்பியிருக்கிறார்கள். மேலே ஸ்டோர் கதவுக்கு அடிக்கிற பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே யாரோ ஒரு துரைசானி ஆசைப்பட்ட ரோஸ். உடைந்த போத்தல் கண்ணாடியால் இழுத்தால் சுருள் சுருளாக வந்தது. நான் கையைக் கிழித்துக்கொண்டேன். அக்கா படியில் உட்கார்ந்து, மெலிந்த காலை நீட்டிவிட்டு, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் சுரண்டினாள். நடுநடுவே கடைசல் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்து, ஆடுவதில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். வருஷக் கணக்காக அவற்றின் மேல் சாய்ந்தவள், எது எந்தப் பக்கம் ஆடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பெயிண்ட் போனதும் உள்ளேயிருந்து பலா மரம் வந்தது, தேன் நிறத்தில். அக்கா அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இவ்ளோ அழக வெச்சிக்கிட்டு யாருடா பச்ச அடிச்சது?" என்றாள்.

"துரைதான்."

"கண்ணு இருக்கா அந்தாளுக்கு?"

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் தோட்டத்திலேயே ரப்பர் ஸ்டோரில் வேலை. மரத்துப் பாலைக் கட்ட வைத்து, ஷீட் அடித்து, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, எல்லாம் அவர் பொறுப்பு. உலகத்தில் ரப்பரால் ஆகாத காரியம் இல்லை என்று நம்புகிறவர். செருப்பு அறுந்தால் ரப்பர், குடை கிழிந்தால் ரப்பர், ஒருமுறை ஆட்டுக்கல் ஆடாமலிருக்க அடியில் ரப்பர்.

நான் ஆப்பு செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா மாப்ள, பல்குச்சி செய்றியா?"

"ஓட்டைக்கும் சந்துக்கும் என்ன பண்றதுன்னு தெரியல மாமா. எஹலியகொடையில வஜ்ஜிரப் பசை கெடைக்குமான்னு..."

"வஜ்ஜிரமா? மாட்டுத் தோல காச்சின பசைய வீட்டுக்குள்ள கொண்டாருவியா? ஒங்கம்மா ஒன்னயும் சேத்துக் காச்சிருவா. நம்ம கிட்ட பால் இருக்கப்ப பசை எதுக்கு? காலைல வெட்டின பால்ல மரத்தூளப் போட்டுக் கொழச்சி ஊத்து. ஓட்டையும் அடையும், சந்தும் அடையும், படி கிறீச்சுன்னும் கத்தாது. மெத்துன்னு இருக்கும் பாப்பாவுக்கு."

"பால் கட்டுறதுக்கு அசிட் போடணுமா?"

"போடாத. மரம் கறுத்துப் போவும். சும்மா விட்டா தானா கட்டும்."

மறுநாள் ஒரு வாளிப் பாலோடு அவரே வந்து ஊற்றினார். கஞ்சத்தனம் என்பதே இல்லை. ஓட்டைகளில் ஊற்றினார், சந்துகளில் ஊற்றினார், கடைசல் கால்களின் அடிக்குழிகளில் ஊற்றி நான் ஆப்பு அடித்தேன். மிச்சத்தைப் படிப்பலகைகளின் அடிப்பக்கம் பூசினார். கட்டியதும் படி உண்மையிலேயே கத்துவதை நிறுத்தியது. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினால் மலை மாதிரி நின்றது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பலா மரம் மின்னியது.

வார்னிஷ் வாங்க எஹலியகொடைக்குப் போனேன். கடை முதலாளி டின்னைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"மே வெஹி காலெ வேலென்னெ நே, மாத்தயா." இந்த மழைக்காலத்தில் காயாது என்கிறார்.

"மாப்ள வீட்டுக்காரங்க வர்ற ஞாயித்துக்கெழம வர்றாங்க, முதலாளி. வானத்துக்கிட்ட நீங்க சொல்லிப் பாருங்க," என்று நானும் அரைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

அடித்தோம். காயவில்லை. குமட்டி அடுப்பில் கரி போட்டுப் படிக்குக் கீழே வைத்தோம். ஒரு மாதிரி காய்ந்த மாதிரி இருந்தது, ஆனால் விரலை வைத்தால் விரல் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் குசினியிலிருந்து வந்தபோது அப்பா படியடியில் தனியாக நின்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டுத் தொங்கினார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, அங்கேயும் தொங்கினார். நான் திரும்பக் குசினிக்குள் போய்விட்டேன். நாற்காலிப் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையோடு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். மாப்பிள்ளை ஒல்லி, உயரம், மூக்கு மட்டும் இரண்டு பேருக்குக் காணும். அவருடைய அம்மா படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் முந்தானையால் மூக்கை மூடினார்.

"ஏங்க, எலி கிலி ஏதும் செத்துக் கெடக்குதுங்களா?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுலயா? காலைலதாங்க சாணி போட்டு மெழுகினோம்."

"இல்லைங்க, ஏதோ..."

அப்பா மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்களே." நானும் இழுத்தேன். ஒன்றும் இல்லை. மாமா இழுத்தார். ஒன்றும் இல்லை. சத்தியமாக எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அசிட் போடாமல் தானாகக் கட்டிய பால், வார்னிஷுக்கு அடியில், கரி அடுப்புச் சூட்டில் நாள் கணக்காக அழுகிக் கிடந்திருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் காற்றே அந்த நாற்றம்தான். பள்ளிக்கூடச் சட்டையில் அது, சோற்றுக் குண்டானில் அது, கோயில் திருநீற்றிலும் அது. மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை என்றைக்கோ விட்டுவிட்டது.

ஆனால் வந்திருப்பவர் டீ மேக்கர். தேயிலை புளித்து எந்த நிமிஷம் பக்குவத்துக்கு வருகிறது என்று மூக்கால் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற ஆள். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மெல்ல மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். நேராகப் படிக்குப் போனார். வேட்டியை மடக்கிக்கொண்டு முட்டி போட்டார். ஒவ்வொரு படியாக மோந்துகொண்டே கைகால்களால் ஏற ஆரம்பித்தார்.

"தம்பி, என்னா செய்ற? பொண்ணு பாக்க வந்த எடத்துல," என்றார் அவருடைய அம்மா.

"இதுலருந்துதாம்மா வருது. படிக்குள்ள ஏதோ புளிச்சிக் கெடக்கு."

மாமாவால் தாங்க முடியவில்லை. "புளிக்கலைங்க. அது நல்ல பாலு. காலைல வெட்டின பாலு."

"அசிட் போட்டீங்களா?"

"மரம் கறுத்துப் போவும்னு..."

"அதான்." மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் முட்டி போட்டபடியே மேலே பார்த்தார்.

மேலே அக்கா வந்துவிட்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கீழே நடக்கிற கூத்தில் எல்லோரும் மறந்தே போனோம். நீலச் சேலை. ஒரு கை கைப்பிடியில், மறு கை சும்மா தொங்கியது. இறங்க ஆரம்பித்தாள்.

முதலில் நல்ல கால், பிறகு இடது காலை வெளிப்பக்கமாக வீசி, அது பலகையில் சரியாக உட்காரும் வரை காத்திருந்து, பிறகு கையை நகர்த்தி. காயாத வார்னிஷ் அவள் உள்ளங்கையை விட மாட்டேன் என்றது. கையை எடுக்கும்போதெல்லாம் சர்க் என்று ஒரு சத்தம். அவசரப்படவில்லை. ஹாலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா மட்டும் தன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அவர்தான் இறங்கி வருகிற மாதிரி.

நடுப்படியில் மாப்பிள்ளை முட்டி போட்டபடி வழியை அடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு மேல்படியில் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா?"

அவர் அவசரமாக எழுந்தார். எழ உதவிக்குக் கைப்பிடியைப் பிடித்தார். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தார். சர்க்.

அக்கா சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்துங்க. நாத்தமும் நாங்க போட்டதுதான், பசையும் நாங்க போட்டதுதான்."

"கைப்பிடி நல்லா நிக்குதுங்களே," என்றார் அவர், உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே.

"நிக்கணும்ல. அது நின்னாத்தான் நான் நிப்பேன்."

அவருடைய அம்மா அப்போதுதான் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். "காலு... என்னங்க?"

"சின்ன வயசுல ஒரு காய்ச்சல்ங்க, இப்ப எவ்வளவோ..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"இப்பவும் அப்படியேதாங்க இருக்கு," என்றாள் அக்கா. "புடிக்க ஒண்ணு இருந்தா எவ்ளோ ஒசரம்னாலும் ஏறுவேன். இல்லாட்டி உக்காந்து உக்காந்துதான் ஏறணும். மழ நாள்ல வலிக்கும். வேற ஒண்ணும் இல்ல. தரகர் சொல்லியிருப்பாரே."

எல்லோரும் தரகரைப் பார்த்தோம். அவர் கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா மோசமானவர் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். "எங்க குவாட்டஸ் வீடு மேட்டு மேல இருக்குதும்மா. ரோட்டுலருந்து மண்ணுல வெட்டின படி. எனக்கே மூச்சு வாங்குது. நீ எப்படித் தாயி?"

அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டாள், இன்னும் அதே படியில் நின்றபடி.

"அங்க புடிக்க ஏதும் இருக்குங்களா?"

"இல்லைங்க."

"வெச்சா நிக்குமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இந்த ஆள் யோசித்தபோது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. "எளகின மண்ணு. மழைக்கு அரிக்கும். ஆழமா நட்டாத்தான் நிக்கும். நட்டுப் பாத்தாத்தாங்க சொல்ல முடியும்."

"அப்ப நட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் சொல்றேன்."

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பதில் சொல்வது மாப்பிள்ளை வீட்டு வேலை. பெண் வீடு வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும், அதுதான் முறை. இங்கே பெண் மாப்பிள்ளைக்கு வேலை வைத்து அனுப்புகிறாள். தரகர் குடையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும், "சரிங்க," என்றார். இறங்கும்போது மறுபடி கைப்பிடியைப் பிடித்து, மறுபடி ஒட்டி, இந்தத் தடவை அவரே சிரித்தார்.

அவர்கள் போனதும் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. அதை எழுதினால் அப்பா என்னை வீட்டைவிட்டுத் துரத்துவார். சுருக்கமாக: அப்பா அக்காவைத் திட்டினார், அம்மா மாமாவைத் திட்டினார், மாமா அசிட்டைத் திட்டினார். அக்கா மண்ணெண்ணெயில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சண்டை முடிந்து எல்லோரும் களைத்துப்போன பிறகு அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவன் செய்யலன்னா?"

"செய்யலன்னா அங்க எனக்கு எடமில்லன்னு தெரிஞ்சிக்கலாம்ப்பா. போயி தெரிஞ்சிக்கிறதுக்கு இது பரவால்ல."

அப்பா மண்ணெண்ணெய்த் துணியை அவளிடமிருந்து வாங்கி, விரல் இடுக்குகளில் இருந்ததைத் துடைத்துவிட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் நானும் மாமாவும் ரப்பர் மரம் சீவுகிற பால்கத்தி ஒன்றை உளிபோலத் தீட்டி வைத்துக்கொண்டு, ஊற்றியதை எல்லாம் நோண்டி எடுத்தோம். பிறகு ஒழுங்காக மர ஆப்பு அடித்தோம். பலாங்கொடையிலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. அம்மா வேறு தரகர் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார். அக்கா எப்போதும்போல இருந்தாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை. லொறி சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு வருவாள், வந்துவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்த மாதிரி போய்விடுவாள்.

இன்று காலை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை ஏற்றிப் போய்த் திரும்பிய லொறிக்காரர் ஆபீசில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். டீ மேக்கர் ஐயா வேலை முடிந்த பிறகு ரோட்டோரத்திலிருந்து படியோரமாகச் சவுக்குக் கம்பு நட்டுக்கொண்டு மேலே போகிறாராம். மழைக்கு ஒன்று சாய்ந்ததாம், பிடுங்கி இன்னும் ஆழமாகத் தோண்டி நட்டிருக்கிறாராம். இப்போதைக்கு மேட்டில் பாதிவரை வந்திருக்கிறது.